உளவுத்துறைக்கு ஆடிட்டர் யார்?

குன்னூர் பக்கம் இருக்கும் ஒரு கூட்டுறவு தேயிலை ஃபாக்டரிக்குக்கூட வருடாவருடம் தணிக்கை உண்டு. உறுப்பினர்கள் முன் கணக்கு வைத்தாக வேண்டும். நாட்டின் உளவு நிறுவனங்கள் நம் எம்.பி.க்களிடம் என்ன கணக்குச் சொல்கின்றன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் அமெரிக்கா. சி.ஐ.ஏ. 1947-ல் ஒரு சட்டத்தின் மூலம் பிறந்தது. காங்கிரஸ் சபையோடு பேசுவதற்கென்றே ஆரம்பத்திலிருந்து ஓர் அதிகாரி இருந்தார். பெயர் வால்டர் ஃபோர்ஸைமர். உறுப்பினர்களின் கடிதங்களுக்குப் பதில் போடுவது, இயக்குநரின் ரகசிய விளக்கக் கூட்டங்களுக்கு நேரம் குறிப்பது, மசோதாக்களைக் கவனிப்பது... இதுதான் அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை.

ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் நாலைந்து மூத்த உறுப்பினர்கள் மட்டுமே. பலருக்குத் தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை! தனியாக ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும் என்று செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த தீர்மானம் 1956-ல் தோற்றது. சொந்த நாட்டு மக்களையே சி.ஐ.ஏ. வேவு பார்த்த செய்தி 1974 டிசம்பரில் வெளியான பிறகுதான் நிலைமை மாறியது. 1975-ல் சர்ச் கமிட்டி விசாரித்தது. 1976-ல் செனட்டிலும் 1977-ல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன. பிரிட்டன் 1994-ல் சட்டம் போட்டு ஒரு குழு அமைத்தது.

இந்தியாவில்? ஐ.பி.யின் வரலாறு 1887-ல் தொடங்குகிறது. 'ரா' 1968-ல் ஆர்.என்.காவ் தலைமையில் உருவானது. இரண்டுமே நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தவை அல்ல, அரசின் உத்தரவால் பிறந்தவை. இவற்றைக் கண்காணிக்க நாடாளுமன்றத்தில் தனிக் குழுவும் இல்லை. 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்திலும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில், இரண்டுக்கும் விலக்கு.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? தமிழர்களுக்கு மறக்க முடியாத உதாரணம் ஒன்று இருக்கிறது. 1980-களில் இலங்கைத் தமிழ்ப் போராளிகளுக்கு 'ரா' பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. அரசோ அப்போது வெளிப்படையாக மறுத்து வந்தது. அந்த முகாம்களைப் பற்றி விரிவாகப் பேசிய ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 1997 நவம்பரில். அதற்குள் அமைதிப்படை போய்த் திரும்பிவிட்டது. ராஜீவ் காந்தியும் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது.

மாற்ற முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2010-ல் குடியரசுத் துணைத்தலைவர் ஹமீது அன்சாரி, காவ் நினைவுச் சொற்பொழிவிலேயே நாடாளுமன்றக் கண்காணிப்பு தேவை என்றார். 2011-ல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ரகசியம் காக்க வேண்டாமா என்று கேட்கலாம். கண்டிப்பாக வேண்டும். ஒற்றரின் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆடிட்டரும் வியாபார ரகசியத்தை ஊருக்குச் சொல்வதில்லையே! கதவை மூடிக்கொண்டு பார்க்கிறார், சரியா தவறா என்று கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்துதான் இங்கே இல்லை.