அகமதாபாத் ஆலையும் அதன் சூழலும்

நிறுவனம் என்பது சூழலினின்றும் அறுத்து நோக்கத்தக்க தனிப்பொருள் அன்று. சூழலிலிருந்து பெற்று, பெற்றதை மாற்றி, மீண்டும் சூழலுக்கே தரும் திறந்த அமைப்பாகும். உயிரியலறிஞர் பெர்ட்டலான்பி 1950இல் விளக்கிய திறந்த அமைப்புக் கொள்கையைத் தொழிலகங்களுக்குப் பொருத்திக் கண்டவருள் இலண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். அவருள் ஒருவராகிய ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்துக் காலிகோ ஆலையில் நிகழ்த்திய ஆய்வு பெரும்பாலும் தொழிலாளர் குழுவின் வெற்றியாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. அவ்வாய்வின் உட்பொருள் நிறுவனத்தின் எல்லையைப் பற்றியதே என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1952இல் அவ்வாலையில் தானியங்கித் தறிகள் அமைக்கப்பெற்றன. 224 தறிகள் கொண்ட கூடத்தின் பணி 12 வகையாகப் பகுக்கப்பட்டது. நெசவாளர் ஒருவர்க்கு 24 அல்லது 32 தறிகள். தார் நிரப்புவோர்க்கு 40 அல்லது 50. எனவே ஒரு நெசவாளரோடு பணியால் பிணைந்தோர் இன்னார் என வரையறுத்தல் அரிதாயிற்று. இப்பங்கீடு, இழையறுதல் ஓரளவிலேயே நிகழும் என்னும் எண்ணத்தின்மேல் நின்றது. இழையின் தரமோ, காற்றின் ஈரமோ, நெய்யும் துணியின் வகையோ மாறின், சிலர்தம் சுமை மிகும். ஏனையோர் சுமை அவ்வாறு மிகாது. புறத்தே தோன்றிய மாற்றம் இவ்வாறு அகத்தே குழப்பமாயிற்று.

குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழுவே பொறுப்பேற்கலாம் என்னும் ரைஸின் கருத்தைத் தொழிலாளர் ஏற்று, தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்க இடர்களுக்குப்பின் ஆக்கத்திறன் உயர்ந்தது. பழுதுற்ற துணி குறைந்தது.

இவ்வெற்றிக்குக் குழு ஒன்றே காரணமாயின், அது யாண்டும் ஒருபடித்தாய் நிலைத்திருத்தல் வேண்டும். 1970இல் எரிக் மில்லர் மீண்டும் ஆய்ந்தபோது கண்டது வேறு. தானியங்காத் தறிக்கூடம் ஒன்றில் குழுமுறை ஏறத்தாழ மாறாதிருந்தது. தானியங்கித் தறிக்கூடத்திலோ அது பெரிதும் மறைந்திருந்தது. எல்லையைக் காத்துப் புறமாற்றங்களை ஏற்று நெறிப்படுத்த வேண்டிய மேற்பார்வையாளர், குழுவின் உள்வேலையிலேயே ஈர்க்கப்பட்டமை இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

இதனால் குழுவின் பயனை நாம் மறுத்தோமல்லோம். குழு தன்னைத் தானே ஆளுதற்கு, அதன் எல்லையைப் பிறர் ஆளுதல் இன்றியமையாதது என்பதே நாம் பெறும் முடிபு. 1963இல் ரைஸ் தம் நூலுக்குத் தொழில் நிறுவனமும் அதன் சூழலும் எனப் பொருள்படும் தலைப்பிட்டமை இக்கருத்தோடு ஒத்தே அமைகின்றது. அகத்தைத் திருத்துவோர் எல்லையை மறப்பின், திருத்தம் நிலைபெறாது.