கைமாறி வந்த மூலங்கள்: தரங்கம்பாடி ஏடுகளும் திருச்சபை வரலாற்று மாணவரும்

பரிசுத்த லூக்கா தம் சுவிசேஷத்தின் முகவுரையில் மூன்று செய்திகளைத் தெரிவிக்கிறார். தமக்கு முன்னரே பலர் எழுதியுள்ளனர். அவை கண்ணாரக் கண்டவர்களிடமிருந்து வந்தவை. தாம் யாவற்றையும் ஆதிமுதல் விசாரித்து ஒழுங்காக எழுதத் துணிந்தார். திருச்சபை வரலாற்றில் ஆய்வுக் கட்டுரை எழுத முற்படும் இறையியல் மாணவருக்கு இம்முகவுரை நல்லதோர் இலக்கணமாகும். எழுதியவர் யார், நிகழ்ச்சிக்கும் அவருக்கும் உள்ள தொலைவு எவ்வளவு, கிடைத்தவற்றை ஒழுங்குபடுத்துவது எங்ஙனம் என்னும் மூன்று வினாக்களும் அதில் அடங்கியுள்ளன. இவற்றின் இன்றியமையாமையைத் தரங்கம்பாடி மிஷனின் ஏடுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ் நூல்களைத் தேடிச் சேர்ப்பதை ஊழியத்தின் ஒரு பகுதியாகவே கொண்டார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் சேர்த்த நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை வரைந்தார். இன்று ‘பிப்லியோதேக்கா மலபாரிக்கா’ என்று வழங்கும் அப்பட்டியலில் கிறிஸ்தவரல்லாத தமிழர் இயற்றிய நூல்களாக மட்டும் 119 இடம்பெற்றுள்ளன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அவர் நூற்பெயர்களை அடுக்கியதோடு நிற்கவில்லை. நூல்களை அவற்றைத் தந்த சமயத்தவரின்படி பிரித்தார். உள்ளடக்கத்தைச் சுருக்கிக் குறித்தார். எனவே, சான்றுகளை வகைப்படுத்தும் பணி தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையின் வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது எனலாம்.

ஆனால் சீகன்பால்கின் எழுத்துகளே பிற்காலத்தில் அடைந்த நிலை நமக்கு எச்சரிக்கையாக அமைந்துள்ளது. தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியைக் குறித்து அவர் 1713இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலை எழுதி முடித்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர்கள் அதனை அச்சிட விரும்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே, 1867இல், வில்ஹெல்ம் கெர்மன் அதனைச் சென்னையில் பதிப்பித்தார்; பதிப்பாசிரியர் தம் திருத்தங்களையும் சேர்க்கைகளையும் அதில் புகுத்தினார். 1869இல் மெட்ஸ்கர் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அது தாராளமாக மொழிபெயர்க்கப்பட்டது என்றும் புதிய சேர்க்கைகளால் விரிவாக்கப்பட்டது என்றும் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்தார். 1713ஆம் ஆண்டின் மூல வடிவம் 2003இல்தான் தானியேல் ஜெயராஜ் அவர்களால் பதிப்பிக்கப்பட்டது. இவ்வரலாற்றை அறியாத மாணவர் 1869ஆம் ஆண்டு நூலிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, “சீகன்பால்கு கூறுகிறார்” என்று எழுதினால், அக்கூற்று சீகன்பால்கினுடையதாக இருக்கலாம், கெர்மனுடையதாக இருக்கலாம், மெட்ஸ்கருடையதாகவும் இருக்கலாம். மூவருக்கும் இடையே கிடப்பது 150 ஆண்டுக் கால இடைவெளி.

இதனினும் நுட்பமானது ‘மலபார்க் கடிதங்கள்’ என்னும் தொகுதி. சீகன்பால்கும் அவருடைய உடன் ஊழியர் க்ரூண்ட்லரும் சமயம், வாழ்க்கைமுறை, கல்வி முதலியவை பற்றித் தமிழரிடம் வினாக்களை எழுப்பி, எழுத்தில் விடை பெற்றனர். 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714இலும் 1717இலும் ஹாலே அறிக்கைகளில் வெளிவந்தன. மிஷனை ஆதரித்த ஐரோப்பியக் கிறிஸ்தவருக்காக 1710 முதல் அச்சிடப்பட்டு வந்த வெளியீடு அது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழர் தம் சமயத்தைத் தாமே விளக்கிய அரிய சான்று இத்தொகுதி என்பதில் ஐயமில்லை. எனினும் அது கடந்து வந்த வழியைக் கருதுக. வினாவை எழுப்பியவர் மிஷனெரி; விடையளித்தவர் தமிழர்; மொழிபெயர்த்துக் குறிப்பெழுதியவர் மீண்டும் மிஷனெரி; அச்சுக்கு ஒழுங்குபடுத்தியவர் ஹாலே பதிப்பாளர். தமிழன் ஒருவன் ஓலையில் எழுதியது நான்காம் கையிலேயே நம்மை வந்தடைகிறது. அவனுடைய குரலை இன்றும் நாம் கேட்கக்கூடும். ஆனால் மற்றவர் குரல்களை அதனின்று பிரித்தறியும் பொறுமை நமக்கு வேண்டும்.

ஆதலால், நூல்களை அகர வரிசையில் அடுக்கியதும் ஆய்வு ஒழுங்குபெற்றுவிட்டது என்று மாணவர் எண்ணலாகாது. அகர வரிசை கட்டுரையின் இறுதிப் பக்கத்துக்கு உரியது. ஆய்வின்போது ஒவ்வொரு சான்றுக்கும் தனிச் சீட்டு ஒன்று வேண்டும். அச்சீட்டு காகிதமாயினும் கணினிக் கோப்பாயினும் ஒன்றே. எழுதியவர், எழுதிய நாள், யாருக்கு எழுதினார், எம்மொழியில் எழுதினார், இடையில் கைவைத்தவர் எவர், நாம் வாசிப்பது கையெழுத்துப் படியா அச்சுப் படியா என்னும் ஆறு செய்திகளையும் அதில் குறித்தல் நலம். பின்னர்ச் சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்குக. ஒரு நிகழ்ச்சியைக் குறித்த மூன்று நூல்கள் உண்மையில் ஒரே அறிக்கையிலிருந்து பிறந்தவை என்பது அப்போது புலனாகும். மூன்று சாட்சிகள் என்று எண்ணியிருந்த இடத்தில் ஒரே சாட்சி நிற்பான்.

இஃது ஆய்வு முறையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, நீதியைப் பற்றியதுமாகும். 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்ப் போதகர். அவரைப் போன்றோரையும், பெயர் அச்சேறாத உபதேசிமார்களையும், ஓலையில் விடை எழுதியவர்களையும் மிஷனெரி அறிக்கையின் ஓரத்தில் நிற்பவர்களாகவே கண்டு பழகினால், நம் சபை பிறரால் உண்டாக்கப்பட்டது என்றே நம் மக்களுக்கு நாம் போதிப்போம். சீட்டின் மேல் அவர்கள் பெயரைத் தலைப்பாக எழுதித் தேடத் தொடங்கும் மாணவருக்கு அதே அறிக்கைகள் வேறொரு வரலாற்றைச் சொல்லும்.

போதகர்களுக்கும் இதில் பங்குண்டு. ஹாலே அறிக்கைகள் இன்று எண்முறைப் படிகளாகக் கிடைக்கின்றன. கடல் கடவாமலே அவற்றை வாசிக்கலாம். ஆனால் நம் சேகரங்களின் ஞானஸ்நானப் பதிவேடும், திருமணப் பதிவேடும், அடக்கப் பதிவேடும், சபைக் கமிட்டிக் குறிப்புகளும் குருமனை அலமாரியில் கிடப்பவை. அவற்றில் இடையில் எவரும் கைவைக்கவில்லை, மொழிபெயர்ப்பும் இல்லை. ஓர் ஊரின் எளிய மக்கள் நேராகப் பெயர் சொல்லப்படும் ஏடு பெரும்பாலும் அதுவே. அதனைக் கரையானுக்கு விடாமல், ஆண்டுவாரியாக அடுக்கி, அட்டவணை எழுதி, அடுத்துவரும் போதகரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைத்தல் ஆயரின் கடமைகளுள் ஒன்றாகும்.