3 ஆண் = 5 பெண்: ஒரு பழைய கணக்கின் கதை



'வேலையும் காலமும்' கணக்கு நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரர் கொண்டுவந்த கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலேயே இது உண்டு. அங்கே ஆட்களுக்குப் பதில் நீரூற்றுகள். நான்கு ஊற்றுகள் ஒரு குளத்தைத் தனித்தனியே 1 நாள், 1/2 நாள், 1/3 நாள், 1/6 நாளில் நிரப்பும். சேர்த்துத் திறந்தால்? ஒரு நாளில் 1+2+3+6 = 12 குளம் நிரம்பும். அப்படியானால் ஒரு குளத்துக்கு 1/12 நாள், அதாவது 2 மணி நேரம். கரும்பலகையில் நான் போட்டதும் இதே வழிதான்.

தண்ணீரில் வம்பில்லை. நம் பாடத்தில் ஆட்கள் வந்தார்கள். "3 ஆண்கள் செய்யும் வேலை 5 பெண்கள் செய்யும் வேலைக்குச் சமம்" என்ற வரியும் வந்தது.

அன்னூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "கடலைக்காய் பறிக்கறதுல அப்பாவை விட எங்கம்மாதான் வேகமுங்க டீச்சர். அப்புறம் எப்படிங்க 3க்கு 5?"

"புத்தகத்தில் இருப்பதைப் போடு" என்று உட்காரவைத்துவிட்டேன்.

அந்த 3க்கு 5 யாரும் வேலையை அளந்து எழுதியதல்ல. காட்டில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற வழக்கத்தின் நிழல் என்றே இன்று எனக்குத் தோன்றுகிறது. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நான் அந்த வரியை எழுதிப்போட்டேன்.

அந்த மாணவி இதைப் படித்தால்: நீ கேட்டது சரி, கண்ணு.

மற்றவர்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விடையோடு நிறுத்தாதீர்கள். கொடுத்த எண் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கப் பழக்குங்கள்.