கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸை வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பின் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். திட்டியிருப்பீர்கள். வாருங்கள், கீழே இறங்குவோம்.

நியூயார்க்கின் செவன்த் அவென்யூவில் ஒரு நிலவறை. 1961 ஜூன் 25, ஞாயிறு பிற்பகல். மேடையில் ஒரு பியானோ, ஒரு டபுள் பாஸ், ஒரு டிரம்ஸ் செட். டேப் ரெக்கார்டரோடு தயாராக இருக்கிறார் ஒலிப்பதிவாளர் டேவ் ஜோன்ஸ். பக்கத்தில் ரிவர்சைடு ரெக்கார்டு கம்பெனியின் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ்.

கீப்நியூஸுக்கு உள்ளூர உதறல். எவன்ஸை ரெக்கார்டிங்குக்குச் சம்மதிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. எதை வாசித்தாலும் மனிதருக்குத் திருப்தி வராது. கிளப்பில் இன்றோடு கச்சேரி முடிகிறது. இன்று விட்டால் விட்டதுதான்.

முதல் பாட்டு, ‘குளோரியாஸ் ஸ்டெப்’. பாஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ போட்ட மெட்டு. எவன்ஸ் வழக்கம்போலத் தலையைக் கவிழ்த்து, நெற்றி கட்டைகளில் இடித்துவிடுமோ என்கிற அளவுக்குக் குனிந்துவிட்டார். டேப் சுழல்கிறது.

கரண்ட் போய்விட்டது!

பாட்டில் ஒரு துண்டு டேப்பில் ஏறவே இல்லை. அன்றைக்கு மொத்தம் ஐந்து செட், அதாவது ஐந்து சுற்றுக் கச்சேரி. முதல் பாட்டிலேயே இப்படி!

நல்லவேளை, கரண்ட் திரும்பியது. அதன்பிறகு நடந்ததுதான் ஜாஸின் போக்கையே மாற்றியது.

பாஸ்காரர் என்றால் பின்னால் நின்று தாளத்துக்கு முட்டுக்கொடுப்பவர் என்பது அன்றைய வழக்கம். இருபத்தைந்து வயது லஃபாரோவுக்கு அது ஒத்துவரவில்லை. எவன்ஸ் ஒரு வரி சொன்னால் இவர் குறுக்கே புகுந்து மறுவரி சொல்வார். பால் மோஷியன் டிரம்ஸில் பிரஷ்ஷால் வருடிக்கொண்டே இருவருக்கும் இடையில் புகுவார். குழுவின் பெயர் எவன்ஸுடையது. ஆனால், என்னைக் கேட்டால், அன்றைய நாயகன் லஃபாரோதான். தலைவனாக இருந்தும் எவன்ஸ் வேண்டுமென்றே இடம் விட்டார். அவர் ஆசைப்பட்டதே இந்த உரையாடலுக்குத்தான்.

கேட்க வந்தவர்கள்? பேசினார்கள், சிரித்தார்கள், கிளாஸ்களை உரசிக்கொண்டார்கள். இன்றும் ரெக்கார்டில் அதெல்லாம் கேட்கிறது. காதுக்கு நாலடி தூரத்தில் சரித்திரம். அவர்கள் கவலை அடுத்த ரவுண்டைப் பற்றி!

மூவருக்குள்ளும் எல்லாம் சுமுகம் என்று நினைக்காதீர்கள். எவன்ஸின் ஹெராயின் பழக்கத்தின் மேல் லஃபாரோவுக்குக் கடுங்கோபம். மேடையில் மட்டும் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

இரவு கடைசி செட். ‘ஜேட் விஷன்ஸ்’. இதுவும் லஃபாரோவின் மெட்டுதான். ஒருமுறை வாசித்தார்கள். உடனே மறுபடியும் வாசித்தார்கள்.

டேப்களை எடுத்துக்கொண்டார்கள். மூவரும் கலைந்தார்கள். இனி இந்த மூவரும் சேர்ந்து ஒரு ரெக்கார்டுகூடச் செய்யப்போவதில்லை என்று அங்கே யாருக்குத் தெரியும்?

பத்தே நாள் போனது. நியூயார்க் மாநிலத்தில், லஃபாரோ வளர்ந்த ஜெனீவா ஊருக்குப் பக்கத்துச் சாலை. நள்ளிரவு தாண்டிய நேரம். ஒரு கார் சாலையை விட்டு விலகி ஒரு மரத்தை நோக்கிப் பாய்கிறது.

ஓட்டி வந்தவர் லஃபாரோ.

(தொடரும்)