லயமும் மாடியும்: ஊவாத் தோட்டங்களின் குடியிருப்பு வரலாறு பற்றி ஒரு குறிப்பு

மலையகப் பெருந்தோட்டங்களில் லயங்களை அகற்றி அவற்றின் இடத்தில் மாடி வீடுகளை அமைக்கலாம் என்னும் யோசனை அண்மைத் தசாப்தங்களில் அவ்வப்போது எழுந்து வந்துள்ளது. நிலப் பற்றாக்குறையே அதற்குக் காட்டப்படும் நியாயம். தோட்ட மக்களோ தனி வீடும் அதற்குரிய காணியுமே வேண்டுமெனக் கேட்டு வந்துள்ளனர். இதனைப் பழமைப் பிடிப்பென ஒதுக்குவோர் உளர். பதுளை மாவட்டத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து அம்முடிபு பொருந்தாமை புலனாகும்.

ஊவாவில் நெருக்கமான குடியிருப்பு நிலம் குறைந்தமையால் தோன்றியதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்குரியனவாக்கித் தோட்டத்துரைமாருக்கு விற்க வழிசெய்தது. சிங்களக் கிராமத்தவர் இழந்த அதே மலைச்சரிவுகளிலேயே தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். கோப்பிக் காலத்தில் அறுவடைப் பருவத்துக்கு மட்டும் வந்து திரும்புவோருக்கென அமைந்த கொட்டில்களே லயத்தின் மூலவடிவம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தொழிலாளர் குடும்பத்தோடு நிலைகொண்டனர். லயம் மட்டும் மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, பொதுவான பீலி. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபோதும் கொழுந்து பறித்தவரின் நிலை இதுவே. பல நூறு ஏக்கர் தேயிலையின் நடுவே மனிதருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு காம்பரா. பிரட்டுக்களத்துக்கு அண்மையில், கங்காணியின் கண்பார்வைக்குள் தொழிலாளரைத் திரட்டி வைத்திருப்பதே இந்நெருக்கத்தின் பயன்.

வேலையை இழந்தவன் கூரையையும் இழப்பான் என்னும் நிலையே இதில் முதன்மையானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிய பின்னர் இப்பிடி மேலும் இறுகியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் காம்பராவுக்குரியவர் காணிக்குரியவராகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. அது 2018இலேயே திருத்தப்பட்டது.

இப்பின்னணியிலேயே மாடி வீடு பற்றிய அச்சத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். லயத்தைச் சூழ்ந்த சிறு மரக்கறித் தோட்டம், மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு என்பன குறைந்த கூலியை ஓரளவேனும் ஈடுசெய்வன. மூன்றாம் மாடியில் மாடு கட்ட இயலாது. அதனினும் முக்கியமாக, அடுக்கிய வீட்டில் வாழ்பவருக்குத் தம் பெயரில் ஒரு துண்டு மண் கிடைக்குமா என்னும் ஐயம் நியாயமானதே. கிடையாகக் கிடந்த லயம் நிமிர்த்தி வைக்கப்படுகின்றது என அவர்கள் கருதின் அதில் வியப்பில்லை.

எனினும் எதிர்த்தரப்பு வாதத்தை முற்றாகத் தள்ளிவிடல் ஆகாது. பாதுகாப்பான நிலம் ஊவாவில் உண்மையிலேயே அரிது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. அறிந்தும் ஏன் பெயரவில்லை என அப்போது பலர் வினவினர். எங்கே பெயர்வது என்பதற்கு அவ்வினாவில் விடையில்லை. வேறு காணி அவர்களிடம் இருந்ததில்லை. தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் தங்கியிருந்து, 2016இலேயே புதிய வீடுகளைப் பெற்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் உயிர்களைக் காவுகொண்டன.

2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடு என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அளவு சிறிதெனினும், காணி என்னும் சொல் வீட்டோடு சேர்ந்து வந்தமை கவனிக்கத்தக்கது. உறுதியான நிலம் சிறிதே உள்ள மலைநாட்டில் அந்நிலத்தில் எவ்வளவு தேயிலைக்கு, எவ்வளவு குடியிருப்புக்கு என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் லயத்து மக்கள் இன்னும் அமர்த்தப்படவில்லை. அக்கணக்கு அவர்கள் முன்னிலையில் போடப்படும்வரை, நிலம் போதாது என்று கூறுவோரின் சொல்லை அவர்கள் நம்ப மறுப்பதற்குக் காரணமுண்டு.