போலச் செய்தலும் உரிமையும்

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். மயிலைக் கண்டு தானும் ஆட முற்பட்ட வான்கோழியை மூதுரை எள்ளுகிறது. பிறரைப் பார்த்துச் செய்வது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெளி மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலோ, குழந்தைகள் அண்டை வீட்டாரின் பேச்சையும் உடையையும் மேற்கொள்ளும்போது அவ்வெண்ணம் கவலையாகவே உருவெடுக்கிறது.

ஆயினும், தாயின் உதட்டசைவைப் பார்த்தன்றோ குழந்தை முதற்சொல்லைக் கற்கிறது? உயிரினங்களுள் போலச் செய்வதில் தலைசிறந்தவன் மனிதனே என்றும், அவனது முதற்கல்வி அதுவே என்றும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது கவிதையியல் நூலில் குறித்தார். இப்பொருள் பற்றி 1890-இல் தனிநூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் தார்த், வழக்கங்கள் பெரும்பாலும் மேலோர் எனப்படுவோரிடமிருந்து ஏனையோரிடம் இறங்கி வருகின்றன என்றார். அவ்வாறு இறங்கி வரும் வழியை அடைத்துவிட்டால் என்ன நேரும்? தென்திருவிதாங்கூரின் வரலாறு அதற்கு விடை கூறுகிறது.

களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. அதற்கும் வடக்கே நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பிறக்குமுன் இருபுறத்து ஊர்களும் ஒரே அரசுக்கும் ஒரே கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. தோள்மீது மேலாடை அணிவது உயர்சாதிப் பெண்டிருக்கே உரியது என்பதும் அக்கட்டுப்பாடுகளுள் ஒன்று.

லண்டன் மிஷன் சங்கத்தாரின் பணி நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை ஆகிய இடங்களில் பரவியபோது, கிறிஸ்தவம் தழுவிய நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைக்கலாயினர். 1814-இல் ரெசிடெண்டு கர்னல் மன்றோ அதற்கு இசைவளித்தார். ஆனால் அவர்கள் தைத்த குப்பாயத்தோடு நில்லாமல், அதன்மேல் உயர்சாதியாரைப் போலத் தோள்சீலையும் அணிந்தனர். பூசல் மூண்டது. 1829-ஆம் ஆண்டு அரச அறிக்கை குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1858-59-இல் கலகம் மீண்டும் வெடித்தது. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் வற்புறுத்தலுக்குப் பின்னர், 1859 ஜூலை 26-இல் மற்றோர் அறிக்கை வெளியாயிற்று. நாடார் குலப் பெண்டிர் அனைவரும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்டிரைப் போல மறைத்தல் ஆகாது என்றது அது.

இவ்வாணையைக் கூர்ந்து நோக்குவோமாக. துணிக்குத் தடையில்லை, மானத்தை மறைப்பதற்கும் தடையில்லை. "போல" என்னும் ஒரு சொல்லுக்கே தடை. போலச் செய்தல் வெறும் பகட்டாயின் அதைத் தடுக்க அரசாணை எதற்கு? ஒருவரைப் போல உடுப்பவர் நாளை அவரோடு ஒப்ப நிற்பார் என்பதைத் தடுத்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அவ்வச்சம் பொய்க்கவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், 1888-ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று, ஈழவர் குலத்தில் பிறந்த நாராயண குரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அந்தணர்க்கே உரியதென்று வைத்த செயல் அது. 1893-இல், நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர்க்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில், உயர்சாதியாரைப் போலத் தலைப்பாகை அணிந்து வில்வண்டியில் சென்றார். இருவரும் பிறர் செய்ததையே செய்தனர். ஆனால் அதைச் செய்ததனாலேயே பழைய ஒழுங்கு அசைந்தது.

தாழ்த்தப்பட்டோர் மேற்சாதியாரின் ஒழுக்கங்களைக் கைக்கொள்வதைச் சமூகவியலறிஞர் எம். என். சீனிவாஸ் 1952-இல் வெளிவந்த தம் நூலில் சமஸ்கிருதமயமாதல் எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அதனால் ஏணி அப்படியே இருக்க, ஏறுவோர் மட்டுமே மாறுவர் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் நாராயண குரு ஏணியின் மேற்படியில் அமர்ந்துவிடவில்லை. கோயில்கள் பல நிறுவிய அவர், 1927-இல் சேர்த்தலைக்கு அருகேயுள்ள களவங்கோட்டில் ஒரு கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். பிறரைப் பார்த்துத் தொடங்கிய செயல், தன்னைத்தானே பார்ப்பதில் சென்று நின்றது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. மூலத்தைப் போலச் செய்யவே அமர்கிறோம். முடிவில் அது தமிழாக நிற்காவிடின் நம் உழைப்பு வீண். இன்று ரவிக்கை அணியும் பெண்ணிடம் அது யாரைப் பார்த்து அணிந்தது என்று எவரும் கேட்பதில்லை. போலச் செய்தது வழக்கமாகி, வழக்கம் உரிமையாகிவிட்டது.

ஆகவே, நம் குழந்தைகள் அயல்மொழியை அயலாரைப் போலவே பேசும்போது அஞ்ச வேண்டா. அவர்கள் பார்த்துப் பழகத் தமிழும் வீட்டில் நாள்தோறும் ஒலிக்கிறதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அவர்கள் நம்மையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.