மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் சேர்ந்த மாணவர்களும் ஆய்வாளர்களும் பிற நாட்டு அரசுகள், பல்கலைக்கழகங்கள், நிதியங்கள் ஆகியவற்றின் செலவில் உயர்கல்வி பெற்ற வரலாறு இங்கே தொகுக்கப்படுகிறது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலை ஒட்டிய எழுவான்கரையில் நகரமும் பழைய பாடசாலைகளும் அமைந்தன. வயலும் காடும் சார்ந்த படுவான்கரைக்குக் கல்வி பிந்தியே போய்ச் சேர்ந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனையும் காரைதீவும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தமையால் அவ்வூர்களும் இவ்வரலாற்றுக்கு உரியவை.

புலமைப்பரிசில் பற்றிப் பேசும்போது எத்தனை பேர் போனார்கள் என்று கேட்பதே வழக்கம். இப்பிரதேசத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி, போனவர் திரும்பி வந்தால் அமர்ந்து வேலை செய்ய இங்கே ஓர் இடம் இருந்ததா என்பதே. 1981 வரை அப்படியோர் இடம் இருக்கவில்லை.

தொடக்கம்

இலங்கையிலிருந்து பிறர் செலவில் கடல் கடந்து படிக்கப் போனவர்களுள் முன்னோடிகள், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கொழும்பில் 1696இல் நிறுவிய குருமடத்தின் மாணவர்கள். அவர்களில் தேர்ந்தோர் 18ஆம் நூற்றாண்டில் லெய்டன் போன்ற ஒல்லாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டனர். போதகர்களை உருவாக்குவதே நோக்கம். மட்டக்களப்பில் ஒல்லாந்தருக்குக் கோட்டை இருந்தும் இந்த வாய்ப்பு கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சுற்றியே நின்றது.

பிரித்தானிய ஆட்சியில் 1870இல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் ஏற்பட்டது. அதைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றவர்களுள் பொன்னம்பலம் அருணாசலம் பெயர் பெற்றவர். கொழும்பின் பெரிய ஆங்கிலப் பாடசாலைகளில் படிக்காத ஒருவர் இதை வெல்வது மிக அரிது. மட்டக்களப்பிலோ 1814இல் வண. வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த பாடசாலை இருந்தது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரியும் எழுந்தது. ஆங்கிலம் கற்பிப்பதில் இவை குறைந்தவையல்ல. ஆனால் புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்தது 1928இல்தான். அதுவரை கொழும்புப் போட்டியில் நிற்பதற்கே ஒரு குடும்பம் பெரும் செலவுக்கும் பயணத்துக்கும் துணிய வேண்டியிருந்தது.

எனவே வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு முதலில் பயன்பட்டது, ஊரைவிட்டுப் போகாமலே பட்டம் தந்த இன்னொரு வழி. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் தன் கல்லூரிகளில் படிக்காதவர்களும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற இடமளித்தது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் கல்முனையிலும் மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிலும் படித்து, கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்று, ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். இவரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். எந்த வெளிநாட்டு அரசும் அவருக்குப் பணம் தரவில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவரும் அவரே. ஆயினும் ஊரில் அவர் அமரக்கூடிய பல்கலைக்கழகப் பதவி ஒன்றுகூட இருக்கவில்லை. அவருடைய புலமைக்குச் சிதம்பரத்திலும் கொழும்பிலும்தான் ஆசனம் கிடைத்தது. பின்வந்த ஒவ்வொரு தலைமுறையும் இதே நிலைக்கு முகம் கொடுத்தது.

இலவசக் கல்வியும் புதிய வாசல்களும்

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகளும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவந்தன. அதே காலத்தில் வெளியுலகின் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் வகுத்த கொழும்புத் திட்டம் 1951 ஜூலை 1இல் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவுடன் கல்விப் பரிமாற்றத்துக்கான புல்பிரைட் உடன்படிக்கை 1952இல் கைச்சாத்தானது. 1959இல் ஒக்ஸ்போர்டில் கூடிய பொதுநலவாயக் கல்வி மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் அடுத்த ஆண்டே முதல் மாணவர்களை ஏற்றது. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, 1961 முதல் பற்றிஸ் லுமும்பாவின் பெயரைத் தாங்கியது.

இவற்றின் நோக்கங்கள் வேறு வேறு. கொழும்புத் திட்டத்தில் அரசாங்கத் திணைக்களங்கள் தம் உத்தியோகத்தர்களைப் பெயர் குறித்து அனுப்பின. ஆகவே விவசாயம், நீர்ப்பாசனம், பொறியியல் போன்ற துறைகளில் ஏற்கெனவே அரச வேலையில் இருந்தவருக்கே அது எட்டியது. பொதுநலவாயத் திட்டமும் புல்பிரைட்டும் பட்டம் பெற்றவர்களைத் தேடின. சோவியத் திட்டமோ உயர்தரப் பரீட்சை முடித்த ஏழைப் பிள்ளையையும் எடுத்துக்கொண்டது. கட்டணம், விடுதி, மாதப்படி, பயணச் செலவு எல்லாவற்றையும் அந்நாடு ஏற்றது. முதலாண்டு முழுவதும் உருசிய மொழி படிக்க வேண்டும். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் மாற்றிய தரப்படுத்தல் வந்தபின், மருத்துவமும் பொறியியலும் கைநழுவிய பல தமிழ் இளைஞர்களுக்கு இந்த வழி பெரும் ஆறுதலாயிற்று.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் நிலைமை தலைகீழானது. பொருளாதாரம் மாறிவரும் நாடுகள் என்ற வகைக்குள் உருசியாவும் கிழக்கு ஐரோப்பாவும் வைக்கப்பட்டன. நேற்றுவரை புலமைப்பரிசில் கொடுத்த நாடுகளின் மாணவர்களுக்காக மேற்கிலிருந்து வந்த நிதியில் புதிய திட்டங்கள் தொடங்கின. புடாபெஸ்டிலும் பிராகிலும் 1991இல் தொடங்கிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் அதற்கொரு சான்று. கொடுப்பவர், பெறுபவர் என்ற நிலை எந்த நாட்டுக்கும் நிரந்தரமில்லை என்பதை அந்தப் பத்தாண்டு காட்டியது.

மொழித் தடையைத் தனியே சொல்ல வேண்டும். பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறியதால் கிராமத்துப் பிள்ளை விஞ்ஞானத்தைத் தமிழிலேயே ஐயமறக் கற்க முடிந்தது. அது பெரும் நன்மை. அதைக் குறை சொல்லும் எவருடனும் இக்கட்டுரை உடன்படாது. ஆனால் ஆங்கில ஆசிரியர் கொழும்புக்கும் கண்டிக்கும் கிடைத்த அளவுக்குப் பின்தங்கிய ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. திறமையான பட்டதாரி ஒருவர் தன் ஆய்வுத் திட்டத்தை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க முடியாமல் விண்ணப்பத்தையே கைவிடுவது இப்பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இழப்பு.

அக்கரை இந்தியா

மொழித் தடை குறைந்த வழி தமிழ்நாட்டில் இருந்தது. இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் 1950இல் அமைக்கப்பட்டபின், இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் இலங்கையருக்கு ஒழுங்காகக் கிடைத்தன. இளமாணிப் படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், முதுமாணிப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும், தகவல் தொழினுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் உண்டு. மருத்துவம் இவற்றுள் அடங்காது. கர்நாடக இசை, பரதநாட்டியம் ஆகியவற்றில் மேற்படிப்பை நாடும் மட்டக்களப்புக் கலைஞர்களுக்கு இந்தியாவே இயல்பான திசை. அதன் பயனைக் கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரியில் காணலாம். அது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. புலமைப்பரிசிலுக்கு அப்பாலும் தமிழகத்துடனான இந்த உறவு தொடர்ந்தது. கல்முனையில் பிறந்த மொழியியலறிஞரும் கவிஞருமான எம். ஏ. நுஃமான் கலாநிதிப் பட்டம் பெற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். விபுலாநந்தர் கற்பித்த அதே வளாகம் அது.

காத்தான்குடி, ஏறாவூர் முதலிய முஸ்லிம் ஊர்களின் பாதை ஓரளவு வேறு. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம், எகிப்தின் அல்-அஸ்ஹர் ஆகியவற்றுக்கு மார்க்கக் கல்விக்காகச் செல்வோர் ஒருபுறம். உறுப்புரிமையில்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்காக இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983இல் தொடங்கிய திட்டத்தில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளைக் கற்றோர் மறுபுறம். பெற்ற உதவியைப் பின்னர் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்தி, அடுத்த மாணவருக்கு உதவும் நிதியாக்குவது அத்திட்டத்தின் தனித்தன்மை.

வந்தாறுமூலை

1981 ஆகஸ்ட் 1இல் வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் முதலில் வந்தன. வர்த்தகம், கலை, மருத்துவம் பிறகு சேர்ந்தன. இப்பிரதேசத்தின் புலமைப்பரிசில் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கும் நிகழ்வு இதுவே.

காரணம் எளியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் குறித்த காலத்துக்குள் முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ பெற்றால்தான் பதவியில் உறுதிப்படுத்தப்படுவார். அதற்காகச் சம்பளத்துடன் கற்கை விடுமுறை உண்டு. போகுமுன் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எல்லோரும் ‘பொண்ட்’ என்று அழைக்கும் அந்த ஒப்பந்தம், படித்து முடித்தபின் குறித்த ஆண்டுகள் இங்கே சேவை செய்யக் கட்டாயப்படுத்துகிறது. திரும்பாதவர் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பிணை நின்ற நண்பர்மீதும் உறவினர்மீதும் கடன் விழும். கடுமையான விதிதான். ஆனால் அந்த விதியின் பின்னால் ஒரு நாற்காலி காத்திருந்தது. பாங்கொக்கின் ஆசியத் தொழினுட்ப நிறுவனம், யப்பானிய அரசின் புலமைப்பரிசில், பொதுநலவாயத் திட்டம், இந்திய விவசாயப் பல்கலைக்கழகங்கள் என்று எங்கே போனாலும் திரும்பி வரும் முகவரி வந்தாறுமூலையாக அமைய இப்போதுதான் வழி பிறந்தது.

பின்னர் உலக வங்கிக் கடனில் இலங்கை அரசு நடத்திய உயர்கல்வித் திட்டங்கள் இதற்கு வலுவூட்டின. 2003இல் தொடங்கியது பட்டப்படிப்பின் தரத்தையும் பொருத்தப்பாட்டையும் உயர்த்தும் திட்டம். 2010இல் இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வித் திட்டம் வந்தது. விரிவுரையாளர்களின் மேற்படிப்பும் இவற்றின் செலவில் அடங்கியது. கடன் வாங்கி ஆசிரியரைப் படிக்கவைப்பது ஒரு நாடு செய்யக்கூடிய நல்ல செலவுகளில் ஒன்று.

போர்க்காலம்

வந்தாறுமூலை வளாகம் பட்ட துன்பத்தைக் கூறாமல் இவ்வரலாறு முழுமையாகாது. 1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபோது சுற்றுக் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தஞ்சம் புகுந்தனர். செப்ரெம்பர் 5ஆம் நாள் அவர்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15இல் கொழும்பில் காணாமற்போனார். பேராசிரியர்களே பாதுகாப்பற்றிருந்த காலத்தில் இளம் விரிவுரையாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பத் தயங்கினால் அவரைப் பழிக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த நிலையிலும் திரும்பி வந்து துறைகளைக் கட்டிக்காத்தவர்கள் இருந்தார்கள். இப்பல்கலைக்கழகம் இன்றும் நிற்பது அவர்களால்தான்.

விண்ணப்பிப்பதே போர்க்காலத்தில் பெரும்பாடு. நேர்முகப் பரீட்சை கொழும்பில். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் அங்கேதான். படுவான்கரை 2007 வரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால், அங்கிருந்து நகருக்கு வருபவர் வலையிறவுப் பாலம் போன்ற இடங்களில் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டும். வாவியின் வேறு பல இடங்களில் படகுப் பாதையே வழி. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் தொலைந்தன. எஞ்சியவற்றையும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் கல்லடி, நாவலடிக் கரைகளில் வீடுகளோடு கொண்டுபோயிற்று. சான்றிதழ் இல்லாதவருக்கு எந்த நாட்டுப் புலமைப்பரிசிலும் இல்லை.

போருக்கு முன்பிருந்தே எதிர்த்திசையிலும் ஆய்வாளர் வந்தனர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தங்கி ஆய்ந்தார். மார்க் விற்றேக்கர் மண்டூர்க் கோயிலை ஆய்ந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த ஊடகவியலாளர் சிவராமைப் பற்றியும் நூல் எழுதினார். மார்கரெட் ட்ராவிக் போர்க்காலப் படுவான்கரையைப் பற்றி எழுதினார். வாவிக்கரை வாழ்வைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இவர்களின் நூல்கள் வழியே வந்தது. அவர்கள் நேர்மையோடு உழைத்தார்கள். ஆனால் மட்டக்களப்பு மாணவர் ஒருவர் அமெரிக்கக் கிராமமொன்றில் இரண்டாண்டு தங்கி அதன் குடி வழக்கங்களை ஆராய எந்த நிதியும் அமைந்ததில்லை. எவர் எவரை ஆராயலாம் என்பதையும் புலமைப்பரிசிலின் பணமே தீர்மானிக்கிறது.

தரவரிசையும் தகுதியும்

பல புலமைப்பரிசில்கள் விண்ணப்பிப்பவரின் நாடு எந்த வருமானப் பிரிவில் உள்ளது என்று பார்க்கின்றன. உலக வங்கிக் கணக்கில் இலங்கை 1997இல் கீழ் நடுத்தர வருமான நாடாயிற்று. 2019இல் மேல் நடுத்தரத்துக்கு ஏறி, மறு ஆண்டே மீண்டும் இறங்கியது. சராசரியைத் தூக்கிநிறுத்துவது கொழும்பைச் சூழ்ந்த மேல் மாகாணம். நாட்டின் வறிய மாவட்டங்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்துவரும் மட்டக்களப்பின் விண்ணப்பதாரிக்கும் அதே சராசரியே அளவுகோலாகிறது. மாவட்ட நிலையைக் கருத்தில் எடுக்கும் வெளிநாட்டுத் திட்டங்கள் மிகக் குறைவு. உள்நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கும்போது, அரசு பெயர் குறித்து அனுப்பும் புலமைப்பரிசில்களிலும் அதைக் கடைப்பிடிக்க முடியும்.

2014இல் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுவான்கரைக்குப் படகுக்குக் காத்திருக்கும் நிலை மாறியது. இன்று பெரும்பாலான விண்ணப்பங்கள் இணையவழியே செல்கின்றன. ஆனால் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்தின் சுமை மாறவில்லை.

2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது; ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியதாக அறிவித்தது. டொலரில் கட்ட வேண்டிய விண்ணப்பக் கட்டணம், விசாக் கட்டணம் எல்லாம் விரிவுரையாளரின் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்றன. நாடெங்கும் கற்கை விடுமுறையில் சென்ற விரிவுரையாளர் பலர் திரும்பாமல் தங்கினர். பொண்ட் பணத்தை வெளிநாட்டு வருமானத்தில் கட்டுவது ரூபா வீழ்ச்சிக்குப்பின் முன்னைவிட எளிதாகிவிட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் இந்த இழப்பை ஓரளவு தாங்கும். ஒரு துறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிரந்தர விரிவுரையாளர்களே இருக்கும் இடத்தில் ஒருவர் திரும்பாவிட்டால் ஒரு பாடமே நின்றுபோகும்.

இதற்கொரு மாற்றாகக் கலாநிதி ஆய்வின் ஒரு பகுதியை வெளிநாட்டிலும் மறு பகுதியை உள்நாட்டிலும் செய்யும் இணைந்த முறை உள்ளது. வாவியின் நீர்த்தரம், கண்டற் காடு, இறால் வளம், நெல் வயலுக்குள் ஏறும் உவர் போன்றவற்றை ஆய்வோருக்கு இது மிகப் பொருந்தும். தரவு இங்கேதான் இருக்கிறது. நுண்கருவியும் மேற்பார்வையாளரும்தான் வெளியே. ஆய்வாளர் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வெளியே சென்று மீதிக் காலம் வந்தாறுமூலையிலேயே கற்பித்துக்கொண்டு ஆராய முடியும்.